கூஷ் தேசத்தார் நமக்கு அந்நியரா?



ஜனவரி நமக்குத் தமிழ் மரபுத் திங்கள். ஒன்ராறியோ மாகாணம் அதை 2014-இலும், கனடா நாடாளுமன்றம் 2016-இலும் ஏற்றுக்கொண்டன. அந்த மாதம் முடிந்த மறுநாளே கறுப்பின வரலாற்று மாதம் தொடங்குகிறது. ஜீன் ஓகஸ்ரின் அம்மையார் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, 1995 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்கு அங்கீகாரம் கொடுத்தது. ஜனவரியில் வேட்டி சேலையோடு மேடையேறும் நாம், பெப்ரவரி வந்ததும், "அது பாடசாலைக் காரியம், நமக்கென்ன?" என்று இருந்துவிடுகிறோம். வேதாகமத்தைக் கவனமாய் வாசிக்கிறவர் அப்படி இருக்க முடியாது. ஏனென்றால் ஆபிரிக்கா நம்முடைய வேதத்தின் முதல் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது.

வரைபடத்தில் கூஷ்

ஆதியாகமம் 10-ஆம் அதிகாரத்தில் காமின் குமாரர் நால்வர்: கூஷ், மிஸ்ராயிம், பூத், கானான். மிஸ்ராயிம் என்பது எகிப்து. கூஷ் என்பது எகிப்துக்குத் தெற்கே, நைல் நதியோரமாய் இருந்த தேசம். எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் கூஷ் என்ற பெயருக்குப் பெரும்பாலும் எத்தியோப்பியா என்று எழுதினார்கள். வெயிலில் கருகிய முகத்தார் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். நம் தமிழ் வேதாகமமும் பல இடங்களில் அதையே எடுத்துக்கொண்டது. ஆகவே வேதத்தில் எத்தியோப்பியா என்று வாசிக்கும்போது, இன்றைய எத்தியோப்பியாவை மட்டும் நினைக்கக் கூடாது. பெரும்பாலும் அது இன்றைய சூடான் நாட்டின் வடபகுதியையே குறிக்கும்.

இஸ்ரவேலின் சரித்திரத்தில் அவர்கள்

ஆபிரகாமின் வீட்டில் இருந்த ஆகார் எகிப்தியப் பெண். யோசேப்பின் மனைவி ஆஸ்நாத்தும் எகிப்தியப் பெண். எனவே இஸ்ரவேலின் இரண்டு கோத்திரங்களாகிய எப்பிராயீமுக்கும் மனாசேக்கும் தாய் ஆபிரிக்க மண்ணில் பிறந்தவள்.

எண்ணாகமம் 12-இல் மோசே எத்தியோப்பிய தேசத்துப் பெண்ணை மணந்ததைக் குறித்து மிரியாமும் ஆரோனும் குறை பேசுகிறார்கள். அவள் சிப்போராளா, வேறொருத்தியா என்பது வேத ஆராய்ச்சியாளர் இன்றும் விவாதிக்கும் கேள்வி. அடுத்த வசனத்தைப் பார்த்தால் உண்மையான மனக்கசப்பு வெளியே வருகிறது: மோசேக்கு இருக்கிற அதிகாரம் எங்களுக்கும் இல்லையா என்பதே அது. அந்தப் பெண்ணின் இனம் வெறும் சாட்டு. கர்த்தர் கோபங்கொண்டது மோசேயின் மேல் அல்ல, குறை பேசினவர்கள் மேல். மிரியாமின் தோல் உறைந்த மழையைப்போல் வெளுத்துப் போயிற்று. கறுப்பான ஒரு பெண்ணை இழிவாய்ப் பேசியவளுக்கு வெண்மையே தண்டனையாய் வந்தது.

எசேக்கியாவின் நாட்களில், கி.மு. 701-இல், அசீரிய ராஜா சனகெரிப் யூதாவை நெருக்கினான். அப்போது அவனுக்கு எதிராகப் புறப்பட்டு வந்தவன் எத்தியோப்பிய ராஜாவாகிய திராக்கா (2 இராஜாக்கள் 19:9). சரித்திரத்தில் தஹார்க்கா என்று அறியப்படும் இவன், பின்பு கி.மு. 690 முதல் 664 வரை எகிப்தையும் கூஷையும் சேர்த்து ஆண்டான். சூடானில் நூரி என்ற இடத்தில் அவனுடைய பிரமிட் இன்றும் நிற்கிறது.

எருசலேமின் கடைசி நாட்களில் எரேமியா சேறு நிறைந்த துரவில் இறக்கப்பட்டபோது, யூதாவின் பிரபுக்களில் ஒருவரும் அவனுக்காக வாய் திறக்கவில்லை. அரமனையில் வேலை செய்த எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியனே ராஜாவிடம் துணிந்து பேசினான். கயிற்றை மட்டும் இறக்கினால் தீர்க்கதரிசியின் அக்குள் அறுந்துவிடும் என்று நினைத்து, பழைய துணிகளைத் தேடி எடுத்து வந்து, அவற்றைக் கயிற்றுக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னான் (எரேமியா 38). நகரம் விழுந்தபோது கர்த்தர் அவனைப் பெயர் சொல்லி நினைத்தார் (39:15-18). தானியேலையும் தாவீதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நாம், எபெத்மெலேக்கை எத்தனை முறை சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

சிலுவையின் பாதையிலும் சபையின் தொடக்கத்திலும்

குழந்தை இயேசு அகதியாய்ப் போன தேசம் எகிப்து. அவருடைய சிலுவையைச் சுமந்த சீமோன் சிரேனே ஊரான். அந்த ஊர் இன்றைய லிபியாவில் இருக்கிறது. அந்தியோகியா சபையில் பவுலையும் பர்னபாவையும் அனுப்பி வைத்தவர்களின் பட்டியலில், நீகர் எனப்பட்ட சிமியோனும் சிரேனே ஊரானாகிய லூகியும் இருக்கிறார்கள் (அப். 13:1). நீகர் என்பது கறுப்பு என்று பொருள்படும் இலத்தீன் சொல்.

அப்போஸ்தலர் 8-இல் வரும் எத்தியோப்பிய மந்திரியை நமக்கெல்லாம் தெரியும். கந்தாகே என்பது ஒரு பெண்ணின் பெயர் அல்ல, மெரோவே நகரிலிருந்து ஆண்ட அரசகுலப் பெண்களின் பட்டம். பிலிப்பு சந்திக்கும்போது அந்த மனிதர் ஏற்கெனவே எருசலேமில் பணிந்துகொண்டு திரும்புகிறவர். தம் இரதத்தில் ஏசாயாவின் சுருளை வைத்து வாசிக்கிறவர். ஒன்றும் அறியாதவருக்கு யாரோ வெளிச்சம் கொண்டுபோன கதையாக இதைச் சொல்லக் கூடாது. அவர் தேடினார், கேட்டார், தண்ணீரைக் கண்டதும் ஞானஸ்நானத்துக்குத் தடை என்ன என்று அவரே கேட்டார்.

சாபம் யார்மேல்?

இவ்வளவும் வேதத்தில் இருக்க, அதே வேதத்தைக் கொண்டே ஆபிரிக்கரை அடிமைகளாக்கினார்கள். "காமின் சாபம்" என்ற பேச்சு பல நூற்றாண்டுகளாகப் பிரசங்க பீடங்களில் ஒலித்தது. ஆதியாகமம் 9:25-ஐத் திறந்து பாருங்கள். நோவா சபித்தது கானானை. காமின் பெயரோ, கூஷின் பெயரோ அந்தச் சாபத்தில் இல்லை. தோலின் நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இல்லாததை உள்ளே புகுத்தி வாசித்ததன் விலையை இலட்சக்கணக்கான மனிதர் கொடுத்தார்கள்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. 1807-இல் இலண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதப்புத்தகம் அச்சிடப்பட்டது. முழு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உண்டு. அதில் இருந்தவை ஏறக்குறைய 232 மட்டுமே. யோசேப்பு அடிமையாய் விற்கப்பட்டது இருந்தது. மோசே இஸ்ரவேலரை விடுதலையாக்கி நடத்தியது இல்லை. வேலைக்காரர் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் நிருபத்தின் போதனை இருந்தது. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை என்ற கலாத்தியர் 3:28 இல்லை.

யாத்திராகமத்தை ஒளித்துவைத்தவர்களுக்கு அதன் வல்லமை நன்றாய்த் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒளித்துவைக்க முடியவில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் அந்தக் கதையைக் காதால் கேட்டு, பாட்டாக்கி, மனப்பாடமாய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

ஒன்ராறியோ என்னும் கானான்

அந்தப் பாட்டுகளில் வந்த வாக்குத்தத்த தேசம் பலருக்கு வடக்கே இருந்த கனடாவாகவும் இருந்தது. நாம் அகதிகளாய் வந்திறங்கிய இதே மண்ணுக்கு அவர்கள் நமக்கு முன்பே, இரவில் நடந்து, ஆற்றைக் கடந்து வந்தார்கள். இங்கேயும் அடிமைத்தனம் இருந்தது. 1793-இல் மேல் கனடாவில் வந்த சட்டம் புதிதாய் அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுத்தது, ஆனால் இருந்தவர்களை விடுவிக்கவில்லை. பிரித்தானியப் பேரரசின் விடுதலைச் சட்டம் 1834 ஓகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்தது.

ரொறன்ரோவின் முதலாம் பப்ரிஸ்ற் சபை 1826-இல் தொடங்கியது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்கள் ஒன்ராறியோ ஏரிக்கரையில் கூடி ஜெபித்ததே அதன் தொடக்கம். இந்நகரில் கறுப்பின மக்கள் நிறுவிய மிகப் பழைய நிறுவனம் அதுதான், இன்றும் ஆராதனை நடக்கிறது. வந்த புதிதில் வாடகை மண்டபத்திலும் பிறருடைய ஆலயத்திலும் பிற்பகலில் கூடிய நம் பெற்றோருக்கு, அந்த ஏரிக்கரை ஜெபத்தின் அர்த்தம் விளங்கும்.

நயாகராப் பக்கம் போகிறவர்கள் சென் கத்தரின்ஸ் நகரில் சற்று இறங்கலாம். அங்கே 1855-இல் கட்டி முடிக்கப்பட்ட சாலேம் சிற்றாலயம் இருக்கிறது. 1850-களில் அந்த ஊரில் வாழ்ந்த ஹாரியற் ரப்மன் அந்தச் சபையோடு ஆராதித்தவர். தாம் தப்பிய பிறகும் திரும்பத் திரும்பத் தெற்கே போய், ஏறக்குறைய 70 பேரை விடுதலைக்கு நடத்தி வந்தார். சனங்கள் அவருக்கு வைத்த பெயர் மோசே.

வேதம், சரித்திரம், பாரம்பரியம்

ஆபிரிக்கத் திருச்சபைகளுக்குத் தங்கள் பாரம்பரியங்களும் உண்டு. இன்றைய எத்தியோப்பியாவின் அக்சும் நாட்டு ராஜா எசானா 4-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவனானான். அங்கே பணிசெய்த புருமெந்தியுவை ஆயராய் நியமித்தவர் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியு. அத்தேசத்தார் கேயஸ் மொழியில் வேதத்தை வைத்திருக்கிறார்கள். நம் வேதத்தில் இல்லாத ஏனோக்கின் புத்தகம் அவர்களுடைய வேதத்தில் உண்டு. சேபாவின் ராஜஸ்திரீக்கும் சாலொமோனுக்கும் பிறந்த மெனெலிக் உடன்படிக்கைப் பெட்டியை அக்சுமுக்குக் கொண்டுவந்தான் என்று அவர்களுடைய பழைய நூலான கெப்ரா நகாஸ்ற் சொல்கிறது.

இதை நம் ஞாயிறு பாடசாலையில் எப்படிக் கையாளுவது? 1 இராஜாக்கள் 10 சொல்வது, ராஜஸ்திரீ வந்தாள், கேட்டாள், தன் தேசத்துக்குத் திரும்பினாள் என்பதே. அது வேதம். சேபா இன்றைய யேமன் பகுதியில் இருந்தது என்பது பல அறிஞரின் முடிவு. அது சரித்திர ஆராய்ச்சி. மெனெலிக்கின் கதை ஒரு சபையின் பாரம்பரியம். மூன்றையும் குழப்பாமல், ஒன்றையும் ஏளனம் செய்யாமல் சொல்லிக்கொடுக்கலாம்.

இந்தப் பழக்கம் இன்றைக்கு மிகவும் தேவை. "உண்மையான இஸ்ரவேலர் கறுப்பின மக்களே, மற்றவர்கள் போலிகள்" என்று சொல்லும் காணொளிகள் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். அதற்கு வேதத்திலும் சரித்திரத்திலும் ஆதாரம் இல்லை. ஆனால் பெயரும் மொழியும் ஊரும் பறிக்கப்பட்ட மக்கள், வேதத்தில் தங்கள் வேரைத் தேடியதன் வலியைப் புரிந்துகொள்ள வேண்டும். நாமும் அப்படித்தானே? சாலொமோனின் கப்பலில் வந்த மயிலுக்கு எபிரெயத்தில் "துக்கி" என்று வருவதையும், அது நம் "தோகை" என்று பல அறிஞர் கருதுவதையும் கேட்டு எத்தனை பிரசங்கங்களில் மகிழ்ந்திருக்கிறோம்! அந்தச் சொல் பழைய வணிக உறவைக் காட்டும். அதனால் நாம் இஸ்ரவேலர் ஆகிவிட மாட்டோம்.

எத்தியோப்பியாவில் தலைமுறை தலைமுறையாக மோசேயின் பிரமாணத்தைக் கைக்கொண்ட பேற்றா இஸ்ரவேல் என்னும் யூத மக்களும் உண்டு. 1991 மே மாதத்தில், 36 மணி நேரத்துக்குள், 14,000-க்கும் அதிகமானோர் விமானங்களில் இஸ்ரவேலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சில ஆண்டுகளில், அவர்கள் தானம் செய்த இரத்தம் இரகசியமாய்க் கொட்டப்பட்டது தெரியவந்து, 1996 ஜனவரியில் எருசலேமில் பெரும் போராட்டம் நடந்தது. வாக்குத்தத்த தேசத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் தோலின் நிறம் அவர்களைத் துரத்தியது.

நம் வீட்டுப் பேச்சு

தூரத்துக் கதையைப் பேசி முடித்துவிட முடியாது. நம் சாப்பாட்டு மேசையில் "கறுவல்" என்ற சொல் எவ்வளவு சாதாரணமாய் விழுகிறது! சுருட்டை முடியுள்ள பிள்ளையைக் "காப்பிலி" என்று கேலி செய்கிறோம். அந்தப் பெயருக்குரிய மக்கள் நம் இலங்கையிலேயே, புத்தளம் பகுதியில் இருக்கிறார்கள். போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஆபிரிக்காவிலிருந்து படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்தவர்களின் சந்ததி அவர்கள். மஞ்சா என்னும் தங்கள் பாட்டைப் பாடுகிற இவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்.

அப்பா அம்மாவுக்குக் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். அவர்கள் வளர்ந்த ஊரில் நிறத்தைச் சொல்லி மனிதரை அடையாளம் காட்டுவது வழக்கம். திருமண விளம்பரங்களில் "சிவந்த நிறம்" என்று போடுவதும் வழக்கம். ஆனால் ஸ்காபரோவில் உன்னோடு ஒரே வகுப்பில் படிக்கும் நண்பன் அந்தச் சொல்லின் அர்த்தத்தைக் கேட்டால் என்ன பதில் சொல்லுவாய்? அவனை வீட்டுக்கு அழைத்து வரும் நாளில் அம்மம்மா அந்தச் சொல்லைச் சொன்னால்?

அம்மம்மாவை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. அவர் தினமும் வேதம் வாசிக்கிறவர். எரேமியா 38-ஐ அவருக்கு வாசித்துக் காட்டு. "அம்மம்மா, அந்தத் துரவிலிருந்து தீர்க்கதரிசியைத் தூக்கிவிட்ட மனுசரைத்தான் நாங்கள் இப்படிச் சொல்கிறோம்" என்று பணிவாய்ச் சொல்லு. வேதத்துக்குப் பயப்படுகிறவர்கள் அதைக் கேட்பார்கள்.

வாலிபர் கூட்டத்தில் கலந்து பேச:

1. எபெத்மெலேக் பேசியதற்கும் பிரபுக்கள் பேசாததற்கும் காரணம் என்ன? (எரேமியா 38:1-13)

2. ஆதியாகமம் 9:18-27-ஐ வாசித்து, அங்கே சொல்லப்பட்டது எது, சொல்லப்படாதது எது என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள்.

3. பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, நம் நகரிலுள்ள ஓர் ஆபிரிக்கக் கிறிஸ்தவச் சபையோடு ஆராதிக்க நம் வாலிபர் ஐக்கியம் போகலாமா? ஒழுங்கு செய்ய யார் முன்வருவீர்கள்?