மண்டபமும் சேர்ந்து பாடட்டும்

திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தூண் சிற்பங்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அந்தக் கல் மண்டபத்தில் நின்று கண்ணை மூடிக் காதைத் திறந்து வைப்பவர்கள் குறைவு. ஒருவர் வாய்விட்டுப் பாசுரம் சொன்னால் குரல் கல்லில் பட்டு, ஒரு கணம் தங்கிவிட்டுத் திரும்பி வரும். பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் பதினோராவது குரலாக மண்டபமே சேர்ந்துகொள்ளும்.

நாம் கேட்டு வளர்ந்த பக்திப் பாடல் கேசட்டுகளில் இந்தப் பதினோராவது குரல் இல்லை. குளிரூட்டிய ஸ்டுடியோ, ஒரு பாடகர், கீபோர்டு, தபேலா, பிறகு இயந்திரத்தில் சேர்த்த எதிரொலி. கோயிலானாலும் தேவாலயமானாலும் பதிவுமுறை இதுதான்.

செக் நாட்டுத் தேவாலய இசைப்பதிவுகளைக் கேட்கும்போது இந்தக் குறை பளிச்சென்று உறைக்கிறது. பைப் ஆர்கன் என்பது குழாய்களுக்குள் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் வாத்தியம். கட்டையை அழுத்தியிருக்கும்வரை சுரம் நிற்கும். விரலை எடுத்த பிறகு கட்டடம் பதில் சொல்லும். எந்தக் கட்டடத்தில் நிற்கப்போகிறதோ அதற்கேற்றபடி குழாய்களின் ஒலியைச் சீர்செய்துதான் ஆர்கனை நிறுவுவார்கள். அதை ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போக முடியாது. மைக்தான் அதைத் தேடிப் போகவேண்டும். அதனால் செக் இசைத்தட்டுகளில் கடைசிச் சுரம் ஓய்ந்த பிறகும் கூரையின் உயரம் காதில் விழுகிறது.

அந்த நாட்டு இசையமைப்பாளரான பெத்ர் ஏபென் (1929–2007) பதின்ம வயதிலேயே நாஜிகளின் பூகன்வால்ட் முகாமில் அடைக்கப்பட்டவர். பின்னர் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியிலும் அவர் தேவாலயம் போவதை மறைக்கவில்லை. அதற்கு விலையாகப் பேராசிரியர் பதவி 1989இல் அந்த ஆட்சி வீழ்ந்த பிறகே கிடைத்தது. 1950களின் இறுதியில் அவர் ஆர்கனுக்கு எழுதிய படைப்புக்கு வைத்த பெயர் ‘ஞாயிறு இசை’. கடவுளை அரசு விரும்பாத காலத்தில் எழுதிய அந்தப் பெயரை நினைத்தாலே மனம் நெகிழ்கிறது. 1987இல் எழுதிய ‘யோபு’ எட்டுப் பகுதிகள் கொண்டது. அதை வாசிக்கும்போது ஒருவர் வேதாகம வசனம் படிப்பார், ஆர்கன் அதைத் தொடரும். நம் கதாகாலட்சேபம் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமே இல்லை.

அவருக்கு முந்திய செக் இசையமைப்பாளர் யானாச்செக், லத்தீனை விட்டுப் பழைய ஸ்லாவிய மொழியில் அமைத்த ‘கிளகோலிதிக் மாஸ்’ 1927 டிசம்பரில் பிரனோ நகரில் அரங்கேறியது. பாடகர் குழு ஓய்ந்ததும் ஆர்கன் மட்டும் தனியே வெறிகொண்டு பாயும் இடம் ஒன்று அதில் உண்டு. ஆஷ்விட்ஸில் மனைவியையும் மகனையும் பெற்றோரையும் பறிகொடுத்த கரெல் ஆஞ்செர்ல், 1963இல் செக் ஃபில்ஹார்மனிக் இசைக்குழுவை நடத்தி சுப்ராஃபோன் நிறுவனத்துக்காக இந்தப் படைப்பைப் பதிவுசெய்தார். முதலில் கேட்க வேண்டிய பதிவு அதுதான் என்பேன்.

யானாச்செக்கின் சமகாலத்தவர் ஒருவர் நம் திண்டுக்கல்லில் இருந்தார். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) ஆசிரியப் பயிற்சி பெற்றதும், சடையாண்டிப் பத்தரிடம் இசை கற்றதும் இங்கேதான். பின்னர் தஞ்சையில் 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் கண்டார், 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ தந்தார். கிறிஸ்தவப் பக்தியைக் கர்நாடக ராகங்களில் பாடினார். எழுத்தில் அவர் செய்ததன் தொடர்ச்சி ஒலிப்பதிவில் நடக்கவில்லை.

பெரிய விதிவிலக்கு இளையராஜாவின் ‘திருவாசகம்’. 2005இல் வெளியானது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு, மேற்கத்தியப் பாடகர் குழு, சிவபுராண வரிகளோடு ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் ஆங்கில வரிகள். ஜெகத் கஸ்பர் அடிகளாரின் தமிழ் மையம் தயாரித்தது. ஒரு சைவ நூலுக்காகக் கத்தோலிக்கப் பாதிரியார் ஆதரவு திரட்டியது தமிழுக்கே உரிய அழகு. அந்தப் படைப்பின் முன் தலைவணங்குகிறேன். ஆனால் அதற்காக ஐரோப்பா போகவேண்டியிருந்தது. ஓதுவார்கள் நின்று பாடும் எந்தச் சன்னதியின் ஒலியும் அதில் இல்லை.

நம் ஊர்ப்பக்கம் பதிவுக்குக் காத்திருப்பவை சிம்பொனிகள் அல்ல. தவக்காலத்தில் கத்தோலிக்கக் கிராமங்களில் வியாகுலப் பிரசங்கம் பாடுவார்கள். கோவாவிலிருந்து இலங்கை வந்து தமிழ் கற்ற ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) எழுதியது. பெரியவர் ஒருவர் ஒப்பாரிபோல் இழுத்துப் பாட, சபை விம்மும். அந்த இழுவை எந்தச் சுரக்குறிப்பிலும் அடங்காது. பெருமாள் கோயில் கோஷ்டியில் முதலடியை ஒருவர் எடுக்க மற்றவர்கள் சேரும் நொடியும் அப்படித்தான். பாடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

இவற்றைப் பதிவுசெய்யப் பெரும் பணம் வேண்டாம். கையடக்க ரெக்கார்டர் ஒன்று, இரண்டு மைக், முக்காலி. முதல் வேலை கூம்பு ஒலிபெருக்கியை ஒரு மணி நேரம் அணைப்பது. கூட்டுக்குரலின் மேடுபள்ளங்களை அது தட்டையாக்கிவிடும். மைக்கைப் பாடுபவர் வாயருகே வைக்காமல் பத்தடி தள்ளி வைக்கவேண்டும். கோஷ்டி முடிந்ததும் ரெக்கார்டரை உடனே நிறுத்தக் கூடாது. நாள், இடம், பாடியவர்கள், யாரிடம் கற்றார்கள் என்பதை அன்றே எழுதிக்கொள்ள வேண்டும். பிரதி ஒன்றைப் பங்கிலோ கோயில் அலுவலகத்திலோ வைக்கலாம், இன்னொன்றை காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் கொடுத்து வைக்கலாம். வரும் மார்கழித் திருப்பாவையில் தொடங்கினால், தவக்காலம் வருவதற்குள் கை பழகிவிடும்.