பௌர்ணமி எத்தனை மணிக்கு? ஆப்பைத் திறக்காமலே பதில் சொல்லும் விட்ஜெட்!

திருவண்ணாமலையில் பௌர்ணமி நெருங்கினால் டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, ரயில் பெட்டி என எங்கும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான். "பௌர்ணமி எப்போ ஆரம்பிக்குது, எப்போ முடியுது?"

உடனே யாராவது போனை எடுப்பார். காலண்டர் ஆப்பைத் தேடித் திறப்பார். முதலில் முழுத் திரையில் ஒரு விளம்பரம் வரும். அதை மூடும் குட்டி எக்ஸ் குறியைக் கண்டுபிடிக்கவே சில நொடிகள் ஆகும். அப்புறம் மாதக் காலண்டர். தேதியைத் தொட வேண்டும், கீழே தள்ள வேண்டும்... அதற்குள் டீக்கடைக்காரர் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்து நேரத்தைச் சொல்லி, டீயையும் ஆற்றி நீட்டிவிடுவார்.

அந்தக் காலண்டர் தாள் செய்யும் வேலையைத்தான் போனில் விட்ஜெட் செய்ய வேண்டும். ஆப்பைத் திறக்காமலே, அதிலிருக்கும் முக்கியமான ஒரு தகவலை முகப்புத் திரையிலேயே காட்டும் சின்னக் கட்டம்தான் விட்ஜெட். ஆண்ட்ராய்டில் 2009-லிருந்தே ஆப் தயாரிப்பவர்கள் இதை உருவாக்க முடிகிறது. ஐபோனின் முகப்புத் திரைக்கு 2020-ல்தான் வந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் பலருடைய போனில் ஒரு கடிகாரம், ஒரு வானிலை, அவ்வளவுதான்.

கிரிவலம் போகிறவருக்கு எப்படிப்பட்ட விட்ஜெட் வேண்டும்? தேதிக் கட்டத்தில் வட்டமாக ஒரு நிலா படம் போட்டால் போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். சிக்கலே அங்கேதான். திதி நம் தேதியைப் போல நள்ளிரவில் பிறப்பதில்லை. சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகிச் செல்ல ஆகும் நேரம்தான் ஒரு திதி. சந்திரனின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு திதி சுமார் 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரம் வரையும் நீளலாம். ஆகவே பௌர்ணமி பெரும்பாலும் இரண்டு தேதிகளில் கால் வைத்திருக்கும். சனிக்கிழமை மாலை 6.40-க்குத் தொடங்கி ஞாயிறு மாலை 5.15-க்கு முடிவதாக வைத்துக்கொள்வோம். விட்ஜெட்டில் ஞாயிறு மட்டும் நிலா தெரிந்தால், வெளியூர்க்காரர் ஞாயிறு இரவு வந்து இறங்குவார். திதிக்குள் சுற்ற வேண்டும் என்று லீவு போட்டு, முட்டி வலியோடு அம்மாவையும் அழைத்து வந்தவருக்கு அது சின்ன ஏமாற்றமா? சுற்ற வேண்டியது 14 கிலோ மீட்டர்!

எனவே படத்தைவிட முக்கியம், தொடங்கும் கிழமையும் மணியும், முடியும் கிழமையும் மணியும். கூடவே ஒரு மூலையில், எந்தப் பஞ்சாங்கம் என்பதும் இருக்க வேண்டும். வாக்கியத்திலும் திருக்கணிதத்திலும் திதி நேரம் ஒன்றாக இருப்பதில்லை. கோயில் தரப்பில் ஒவ்வொரு மாதமும் கிரிவலத்துக்கு உகந்த நேரத்தை அறிவிக்கிறார்கள். அதைக் காட்டுவதானால், அது கோயில் அறிவிப்பு என்றே போட்டுவிடுவது நல்லது.

திதியை விட்ஜெட்டில் காட்டுவதில் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. வருடம் முழுவதற்கும் முன்கூட்டியே கணக்கிட்டு போனுக்குள் வைத்துவிடலாம், இன்டர்நெட்டே வேண்டாம். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் திரளும் ஊரில், சிக்னல் எப்படி இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா!

ரயில் விஷயம் அப்படியல்ல. விழுப்புரத்திலிருந்து வரும் ரயில் எவ்வளவு தாமதம் என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆனால் விட்ஜெட் நிமிடத்துக்கு நிமிடம் மாறாது. பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று, ஆண்ட்ராய்டின் வழக்கமான ஏற்பாடு அரை மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் அதைப் புதுப்பிக்க விடுவதில்லை. ஐபோனில், அடிக்கடி பார்க்கப்படும் விட்ஜெட்டுக்கே ஒரு நாளைக்கு 40 முதல் 70 முறைதான். பேட்டரி சேமிப்பை ஆன் செய்து வைத்திருந்தால் அதுவும் குறையலாம். 'தாமதம் 10 நிமிடம்' என்று காட்டுவது எப்போதோ வந்த செய்தியாக இருக்கலாம். பக்கத்தில் 'மாலை 4.05 நிலவரம்' என்று சின்னதாகப் போட்டால் பிளாட்பாரத்தில் நிற்பவர் தானே சுதாரித்துக்கொள்வார். இந்த ஒரு வரியைப் போடாத விட்ஜெட்டை நம்பி ஆட்டோவை அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது தமிழ் எழுத்து. ஆங்கிலத்தில் கிழமைக்கு மூன்று எழுத்து போதும். அதே கட்டத்தில் 'வியாழக்கிழமை'யைத் திணித்தால் 'வியாழக்கி...' என்று மூச்சு வாங்கும். காலண்டர் அச்சடிப்பவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள்: 'வியாழன்'. தேதியைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் போடும் அவர்களின் கணக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கது. சின்னக் கட்டத்துக்குள் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், ராசி பலன் என எல்லாவற்றையும் அடைத்தால் எதையும் படிக்க முடியாது.

சிலவற்றுக்கு விட்ஜெட்டே வேண்டாம். வழியில் அடுத்து வருவது அக்னி லிங்கமா, எம லிங்கமா என்று காட்ட ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே இருந்தால், பாதி மலையைச் சுற்றுவதற்குள் சார்ஜ் இறங்கிவிடும். எட்டு லிங்கங்களும் பாதையோரமே இருக்கின்றன, நடந்தால் தானாக வரும். வங்கி இருப்பு, குடும்ப மெசேஜ்கள் போன்றவற்றையும் முகப்பில் வைக்காதீர்கள். கூட்டத்தில் போனைப் பார்ப்பது உங்கள் கண் மட்டுமல்ல.

விட்ஜெட் வைப்பது சுலபம். ஆண்ட்ராய்டில் முகப்புத் திரையின் காலி இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் 'விட்ஜெட்ஸ்' என்று வரும். ஐபோனிலும் அதேபோல அழுத்திப் பிடித்து விட்ஜெட்டைச் சேர்க்கலாம். வீட்டுப் பெரியவர்களின் போனில் முதல் பக்கத்தில் ஒன்றே ஒன்று வைத்துக் கொடுங்கள். பிறகு, பௌர்ணமி எப்போது முடிகிறது என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கண்ணாடியைத் தேடினால், எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும்.