பிள்ளைகளின் தீராத மூக்கடைப்பு

சிறு பிள்ளைகளுக்கு ஆண்டொன்றுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பே. பெரும்பாலும் அது 10 நாள்களில் தணிந்துவிடும். சில பிள்ளைகளுக்கோ மூக்கு ஒழுகுதலும் அடைப்பும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. “அவன் உடம்புவாகு அப்படி” என்று தோட்டங்களில் பல பெற்றோர்கள் அதைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகின்றனர். 12 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மூக்கடைப்பு உடம்புவாகு அன்று. அதனைக் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் காட்டுதல் வேண்டும்.

முகத்தெலும்புகளுக்குள் சைனஸ் எனப்படும் காற்றறைகள் உள்ளன. அவற்றின் வாயில்கள் வீங்கி அடைபட்டால் உள்ளே சளி தேங்குகிறது. பீனிசம் என்று நம் முன்னோர் குறிப்பிட்டது இத்தகைய நோயையே. நெற்றியிலுள்ள அறைகள் பள்ளிப் பருவத்தில்தான் உருப்பெறுவதால், சிறு பிள்ளைகள் பெரியவர்களைப் போல் நெற்றிவலி என்று சொல்வது அரிது. வாயைத் திறந்து உறங்குதல், குறட்டை, இரவு இருமல், வாய்நாற்றம் ஆகியவற்றையே கவனிக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு நடுக்காதிலும் நீர் தேங்கிச் செவிப்புலன் மங்கும். வகுப்பில் அழைத்தும் திரும்பிப் பாராத மாணவனைத் தண்டிக்குமுன் அவனுக்குக் காது கேட்கிறதா என்று ஆசிரியர் அறிந்துகொள்வது நலம்.

முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்குச் சென்று, மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறுக. ஒரு நாள் கூலி போய்விடுமே என்னும் கவலை நாம் அறியாததன்று. எனினும் பலரைத் தடுப்பது கூலியன்று, ‘கத்தி வைத்துவிடுவார்களோ’ என்ற அச்சமே. அறுவைச் சிகிச்சை பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதில்லை. நிபுணர் மெல்லிய குழாய்க் கருவியால் மூக்கினுள் பார்ப்பார். தூசியால் வரும் ஒவ்வாமை உண்டா, மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு என்னும் திசு வீங்கியுள்ளதா என்று ஆராய்வார். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்துடன் சளி வடிந்தால், பிள்ளை நுழைத்த பாசிமணியோ புளியங்கொட்டையோ உள்ளே இருக்கலாம்!

உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் மூக்கில் தெளிக்கும் மருந்துமே முதற்கட்டச் சிகிச்சை. அம்மருந்தின் முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே “கேட்கவில்லை” என்று நிறுத்திவிடுவோர் பலர், அது வீண். இவற்றால் குணம் காணாதபோதுதான் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். அப்போதும் சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அடினாய்டை அகற்றுவதே முதலில் செய்யப்படும்.

வீட்டில் சிகரெட்டுப் புகையும் கொசுவர்த்திப் புகையும் பிள்ளைமீது படாதிருக்கட்டும். தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் அமர்த்தி ஆவி பிடிக்கச் செய்யலாகாது. அதனால் வெந்துபோன பிள்ளைகள் உண்டு. குழந்தையின் மூக்குத் துளையில் கற்பூரத் தைலம் தடவுவதும் ஆபத்தானது.

சளியோடு கண்ணைச் சுற்றி வீக்கமோ சிவப்போ கண்டாலும், கடுங்காய்ச்சலுடன் தலைவலியும் வாந்தியும் வந்தாலும், பரிந்துரைக் கடிதத்திற்குக் காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்க.