லேகியமும் இரும்பு மாத்திரையும்

ஒரே அலமாரியில் இரண்டு வைத்தியங்கள். ஆனால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. அவதிப்படுவது நடுவில் இருக்கும் பெண்.

மும்பை ஆண்டாப் ஹில் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெண் உண்டாகிவிட்டால் இரண்டு வைத்தியங்கள் சேர்ந்தே தொடங்குகின்றன. ஒன்று, சயான் ஆஸ்பத்திரியில்: ரத்தப் பரிசோதனை, டெட்டனஸ் தடுப்பூசி, ஸ்கேன், தினம் ஒரு இரும்பு மாத்திரை. மற்றது சமையலறையில்: சுக்குக் கஷாயம், குங்குமப்பூ போட்ட பால், பப்பாளிக்கும் அன்னாசிக்கும் தடை. பிள்ளை பிறந்ததும் பிரசவ லேகியம், பூண்டு, பால் சுறாப் புட்டு. பக்கத்து வீட்டு மராத்திப் பெண்ணுக்கு லேகியத்துக்குப் பதில் கோந்து போட்ட டிங்க் லாடு. மொழி மாறினாலும் ஏற்பாடு ஒன்றுதான்.

பாரம்பரிய மருத்துவத்தையும் நவீன மருத்துவத்தையும் இணைக்க வேண்டும் என்று மாநாடுகளில் பேசுகிறார்கள். உண்மையில் அவை எப்போதோ இணைந்துவிட்டன, கர்ப்பிணியின் வயிற்றில். இணையாமல் இருப்பது அவற்றைக் கொடுப்பவர்கள்தான். டாக்டருக்கு லேகியத்தைப் பற்றித் தெரியாது. மாமியாருக்கு மாத்திரை எதற்கென்று தெரியாது. எனவே பெண் இரு பக்கமும் பாதியை மறைக்கிறாள். திட்டுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் லேகியத்தைப் பற்றிச் சொல்வதில்லை. 'சூடு', 'குழந்தை பெருத்துவிடும்' என்பார்கள் என்று வீட்டில் மாத்திரையை விழுங்குவதில்லை.

இந்த மௌனத்தின் ஆபத்து சாதாரணமானதல்ல. 2011-12-ல் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. காரணம், இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகள் என்று 2012 ஆகஸ்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. ஈயம் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டு ரத்தத்தையும் சோதிக்கும் ஏற்பாடு இருந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

மாத்திரையை ஒதுக்குவதும் அதே அளவு ஆபத்துதான். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 52.2 சதவீதக் கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை. மகாராஷ்டிரத்தில் 45.7 சதவீதம், தமிழ்நாட்டில் 48.3 சதவீதம். சோகை பிடித்த உடம்பு, பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் ரத்தத்தைக்கூடத் தாங்காது. வேடிக்கை என்னவென்றால், சித்த மருத்துவத்தில் சோகைக்குக் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரத்தில் இருப்பதும் இரும்புதான். அன்னபேதி என்பது இரும்பின் சல்பேட் உப்பு. சண்டை மருந்தைப் பற்றியதல்ல, யார் கொடுத்தது என்பதைப் பற்றியது.

அதனால் தேவைப்படுவது வழிபாடும் அல்ல, வசையும் அல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியே சலித்துப் பார்ப்பது. மசக்கை வாந்திக்கு இஞ்சி ஓரளவு உதவுகிறது என்பதை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. பப்பாளித் தடை பாதி சரி. காயின் பால் கருப்பையைச் சுருங்கவைக்கும் என்று எலிகளில் நடந்த சோதனைகள் காட்டின. நன்கு பழுத்த பழத்தால் அந்தத் தீங்கு காணப்படவில்லை. கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த லேகியம் இளைத்தவளுக்குத் தெம்பு. கர்ப்பகால நீரிழிவு வந்தவளுக்கோ அது சர்க்கரையை ஏற்றும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் பத்தியம் தவறு. பால் கொடுப்பவளுக்கு மற்றவர்களைவிட அதிகத் தண்ணீர் தேவை. சிசுவுக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்பில் உள்ள ஒரு ரசாயனம் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போகலாம்.

ஆஸ்பத்திரியும் கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு. பிரசவ அறையில் தாயோ, அத்தையோ, மருத்துவச்சியோ பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொடுப்பது பழைய வழக்கம். அதைத் துரத்தியது ஆஸ்பத்திரிதான். கூட இருக்க ஒரு துணை, விருப்பம்போல் உட்காரவோ நடக்கவோ உரிமை, சிக்கல் இல்லாதவளுக்குக் குடிக்கவும் சாப்பிடவும் அனுமதி, எல்லோருக்கும் எனிமா கொடுப்பதற்கும் கத்தரி போடுவதற்கும் முற்றுப்புள்ளி. 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளில் இவை எல்லாம் இருக்கின்றன. பிரசவத் துணையை அரசு ஆஸ்பத்திரிகளில் அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு 2016-ல் சொன்னது. தமிழ்நாடு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

பழையதைப் புதியது தூய்மைப்படுத்தி ஏற்றுக்கொண்டதற்கு ஆண்டாப் ஹில்லுக்கு அருகிலேயே உதாரணம் இருக்கிறது. தாய்க்குப் பால் இல்லாத பிள்ளைக்கு இன்னொருத்தி பால் கொடுப்பது கிராமங்களில் இருந்த வழக்கம். 1989-ல் சயான் ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் அதையே தாய்ப்பால் வங்கியாக்கினார். ஆசியாவிலேயே முதலாவது என்று பேசப்படுவது இது. தானமாகக் கிடைக்கும் பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, குறைப்பிரசவக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். வழக்கம் பழையது, சோதனை புதியது. ஆனால் அதே வழக்கங்களில் சீம்பாலைப் பீச்சி எறிவதும் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவுவதும் இருந்தன. 2019-21 ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 41.8 சதவீதம்தான். எனவே எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் முக்கியம்.

தவறாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1995-ல் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆய்வு செய்து 2003-ல் நூல் எழுதினார். வலி என்பது சக்தி என்று நம்பிய பெண்கள், அதைக் கூட்டும் ஊசியைத் தாங்களே கேட்டு வாங்கியதை அதில் விவரிக்கிறார். அந்த மருந்து ஆக்ஸிடோசின். பிரசவமான உடனே போட்டால் ரத்தப்போக்கைத் தடுத்து உயிரைக் காக்கும். பிள்ளை பிறக்கும் முன், கண்காணிப்பு இல்லாத இடத்தில் போட்டால் கருப்பை கிழியலாம், குழந்தை மூச்சுத் திணறலாம். பழைய நம்பிக்கையும் புதிய ஊசியும் சேர்ந்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து விளங்கும்.

மறுகோடியில், ஆஸ்பத்திரியே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களது பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-21-ல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், மகாராஷ்டிரத்தில் 25.4 சதவீதம். ஆனால் கத்திக்குப் பயந்து ஓடிய இடத்தில் மரணம் காத்திருந்தது. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் உதவியுடன் வீட்டில் நடந்த பிரசவத்தில் ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்தார். இயற்கைப் பிரசவம் என்ற ஆசை தவறல்ல. அதற்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும், அவசரத்துக்கு ரத்தமும் அறுவை அறையும் எட்டும் தூரத்தில் வேண்டும். இதற்காகவே பயிற்சி பெற்ற மருத்துவச்சி-நர்சுகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2018-ல் அறிவித்தது.

மும்பைத் தமிழ்ப் பெண்ணுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம், எட்டாம் மாதத்தில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறி ஏறத்தாழ ஒன்றரை நாள் பயணம். அங்கே வேறு டாக்டர், வேறு மொழி, வேறு பாட்டி. தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் மாதுளை மணப்பாகு, கரிசாலை லேகியம் முதலான 11 சித்த மருந்துகள் கொண்ட 'மகப்பேறு சஞ்சீவி' பெட்டகமும் கிடைக்கலாம். அரசு சித்த மருத்துவர் கொடுத்தால் குறிப்பில் பதிவாகும். திரும்பி மும்பை வந்தால் அது யாருக்கும் தெரியாது. சயானில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவும் அங்கே தெரியாது. தாய்-சேய் அட்டையும் ஸ்கேன் தாள்களும் பதிவு எண்ணும் பையில் இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. பிறப்புச் சான்றிதழுக்கும் தமிழ்நாட்டில் அந்த எண்ணைக் கேட்கிறார்கள்.

இதற்கெல்லாம் பெரிய திட்டம் தேவையில்லை. புறநோயாளிப் பிரிவில் ஒரு கேள்வி போதும்: "வீட்டில் என்ன மருந்து சாப்பிடுகிறாய் அம்மா?" முகம் சுளிக்காமல் கேட்டு, பதிலை அட்டையில் எழுத வேண்டும். சயானிலேயே ஆயுர்வேதக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குடும்பத்தார் செய்ய வேண்டியதும் எளிது. லேபிளோ உரிம எண்ணோ இல்லாத பஸ்பம், செந்தூரம் வேண்டாம். லேகிய பாட்டிலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்று காட்ட வேண்டும். ரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் - இவற்றில் ஒன்று வந்தாலும் கஷாயம் வைத்துக் காத்திராமல் புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் பாட்டியின் அனுபவத்துக்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது: வண்டியைக் கூப்பிடச் சொல்வது.