பருத்த தசையெல்லாம் பலமான தசையா?

பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தையின் தொடையைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். பிசைந்து வைத்த மாவுபோல அழுந்தும். கொழுகொழுவென்று நாம் கொஞ்சுவதில் பெரும்பங்கு தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புதான். தசை எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது.

பெர்லினில் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு அப்படி இல்லை. தொடையிலும் மேற்கையிலும் தசைகள் புடைத்து, வரிவரியாகத் தெரிந்தன. ஷாரிட்டே மருத்துவமனையில் ஆறாம் நாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மற்றப் பச்சைக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் தொடைத் தசை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொழுப்புப் படலமோ மெல்லிசு.

மார்க்குஸ் ஷூல்கே என்ற குழந்தை நரம்பியல் மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004 ஜூனில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இந்தக் குழந்தையைப் பற்றி எழுதினார்கள். அப்போது பையனுக்கு நாலரை வயது தாண்டியிருந்தது. கைக்கு 3 கிலோவாக இரண்டு டம்பெல்களைப் பிடித்து, கைகளைக் கிடையாக நீட்டி நிறுத்த அவனால் முடிந்தது.

இது அவ்வளவு பெரிய விஷயமா? நீங்களே செய்து பாருங்கள். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் மூன்றை ஒரு பையில் போடுங்கள். இன்னொரு பையிலும் அதேபோல மூன்று. கைக்கு ஒரு பையாகத் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்திலேயே தோள் கடுக்கத் தொடங்கும். அந்தப் பையன் நம் ஊர்க் கணக்கில் எல்.கே.ஜி. படிக்கிற வயசுக்காரன்.

அவன் உடம்பில் அப்படி என்ன கூடுதலாக இருந்தது? கூடுதலாக எதுவும் இல்லை, ஒன்று குறைந்திருந்தது. நம் எல்லோர் தசையும் மயோஸ்டாட்டின் (தசை வளர்ச்சிக்குப் பிரேக் போடும் புரதம்) என்ற பொருளைச் சுரக்கிறது. சுவர் எழுப்பும்போது கொத்தனார் நூல் கட்டி, இந்த மட்டத்தோடு போதும் என்று காட்டுவார் அல்லவா, அந்த நூலின் வேலையைத்தான் இது செய்கிறது. நூல் இல்லாவிட்டால் சுவர் ஏறிக்கொண்டே போகும். தசை இழைகளின் எண்ணிக்கையும் கூடும், ஒவ்வோர் இழையும் தடிக்கும்.

அந்த நூல் ஏன் அறுந்தது? மரபணு (எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்று உடம்பு எழுதி வைத்திருக்கும் குறிப்பு) பெரும்பாலும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இந்தப் பையனுக்கு மயோஸ்டாட்டின் மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஒரே இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்தச் சிறு பிழையால் குறிப்பைப் படித்துப் புரதம் செய்யவே முடியாமல் போயிற்று.

அவன் அம்மாவுக்கு ஒரு பிரதியில் மட்டும் பிழை. அவர் தொழில்முறை ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்தவர். அவர் குடும்பத்திலும் அசாத்திய பலசாலிகள் இருந்திருக்கிறார்கள். கட்டட வேலை பார்த்த ஒருவர், சாலையோரம் பதிக்கும் கற்களை வெறுங்கையால் வண்டியிலிருந்து இறக்குவாராம்.

ஆண்மைச் சுரப்பு அதிகமாக இருந்திருக்குமோ என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். மருத்துவர்களுக்கும் வந்தது. பரிசோதித்தார்கள். சரியான அளவில்தான் இருந்தது.

இந்தப் புரதம் இருப்பதே 1997-இல்தான் தெரியவந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்ட்ரா மெக்ஃபெரானும் சே-ஜின் லீயும் எலிகளில் அந்த மரபணுவைச் செயலிழக்க வைத்தார்கள். இரண்டு மடங்கும் அதற்கு மேலும் தசை கொண்ட எலிகள் பிறந்தன. அதே ஆண்டிலேயே இன்னொரு பழைய புதிரும் அவிழ்ந்தது. பெல்ஜியத்தில் ‘பெல்ஜியன் ப்ளூ’ என்றொரு மாட்டினம் உண்டு. பின்தொடை பாளம் பாளமாகப் பிதுங்கி நிற்கும். விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது மயோஸ்டாட்டின் பழுதான மாடுகளைத்தான் என்று தெரிந்தது.

அப்படியானால் இது வரம்தானே? அந்த மாட்டையே பாருங்கள். கன்று பெருத்திருப்பதாலும் தாயின் பிறப்புவழி குறுகலாக இருப்பதாலும் பெரும்பாலான கன்றுகளை வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கிறார்கள். எலிகளில் தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் நார்) சிறுத்து, எளிதில் முறிகிற மாதிரி ஆகிவிட்டது. தசை பெருத்த அளவுக்குப் பலம் கூடவில்லை, சீக்கிரம் களைப்பும் வந்தது. பெர்லின் குழந்தைக்கும் பிறந்த சில மணி நேரத்தில், தொட்டாலோ தூண்டினாலோ உடம்பு வெட்டி இழுக்கும் சிக்கல் இருந்தது. இரண்டு மாதத்தில் அது நின்றுவிட்டது. இதயமும் தசைதான் என்பதால் அதையும் கவனித்து வந்தார்கள். கட்டுரை வெளியான காலம்வரை இதயத்தில் கோளாறு இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அவன் பெயர் என்ன, வீடு எங்கே என்று மருத்துவர்கள் வெளியே சொல்லவில்லை. அப்படிப்பட்ட குழந்தையைச் சுற்றி எத்தனை கேமராக்கள் கூடியிருக்கும்! அவன் சாதாரணப் பிள்ளையாக வளர வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு என் மரியாதை. உங்கள் வீட்டுப் பிள்ளை எதில் அசாத்தியமாக இருந்தாலும், வீடியோ எடுத்து ஊருக்குக் காட்டுமுன் ஒரு நாள் யோசியுங்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். “எங்க வீட்டுப் பேரனுக்கும் கெண்டைக்கால் கல்லுமாதிரி இருக்கு, குட்டி பயில்வான்” என்று பாட்டி சொல்கிறார். அது இதுவாக இருக்குமா? அநேகமாக இருக்காது. மயோஸ்டாட்டின் பழுதால் பலசாலியாகப் பிறந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவானவர்கள் மிக மிகச் சிலர். ஓடி, ஏறி, குதித்து விளையாடுகிற பிள்ளையின் கால் இறுகியிருப்பது இயல்பு. பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். தசை பெரிதாகத் தெரிவதும் தசைக்குப் பலம் இருப்பதும் ஒன்றல்ல. கெண்டைக்கால் பருத்த சிறுவர்களில் சிலருக்கு இருப்பது நேர் எதிரான நோய். அதன் பெயர் டுஷேன் தசைச் சிதைவு (தசை கொஞ்சம் கொஞ்சமாக அழியும் பரம்பரை நோய்). ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பெண் குழந்தைகளுக்கு மிக அரிது.

அழிகிற தசை எப்படிப் பருக்கும்? தசை போன இடத்தில் கொழுப்பும் நாரும் வந்து அடைத்துக்கொள்ளும். தொட்டால் கெட்டியாக இருக்கும், பார்த்தால் பயில்வான் கால். உள்ளே பலம் வடிந்துகொண்டிருக்கும். பாராட்டிக்கொண்டே ஒன்றிரண்டு வருஷத்தைக் கோட்டைவிட்ட குடும்பங்கள் உண்டு. அவர்கள்மேல் தப்பில்லை. பருத்த காலைப் பார்த்து நோய் என்று யாருக்குத் தோன்றும்?

வீட்டிலேயே எதைக் கவனிப்பது? காலைப் பார்க்காதீர்கள், பிள்ளை எழுந்திருப்பதைப் பாருங்கள். மூன்று வயது தாண்டிய பிள்ளையைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரவைத்து, எட்டத்தில் ஒரு பொம்மையைக் காட்டுங்கள். மற்றப் பிள்ளைகள் விருட்டென்று எழுந்து ஓடுவார்கள். டுஷேன் உள்ள பிள்ளை முதலில் குப்புறத் திரும்பும். நான்கு காலில் நிற்பதுபோல நின்று பின்பக்கத்தைத் தூக்கும். பிறகு ஒரு கையை முழங்காலில் ஊன்றி, இன்னொரு கையைத் தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல நிமிரும். மருத்துவர்கள் இதை கோவர்ஸ் அறிகுறி (காலில் கை ஊன்றி எழுவது) என்பார்கள்.

இதோடு வேறு அடையாளங்களும் இருக்கலாம். நடக்கத் தாமதம், அடிக்கடி விழுவது, நுனிக்காலில் நடப்பது, மாடிப்படி ஏற ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைத் தேடுவது, ஓடச் சொன்னால் வேக நடைதான் வருவது. “சோம்பேறி, தூக்கிக்கிட்டே போகச் சொல்லுது” என்று நாம் திட்டுகிற பிள்ளைக்கு உண்மையிலேயே முடியாமல் இருக்கலாம்.

முதல் பரிசோதனை எளியது. சி.கே. (தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் பொருள்) என்று ஒரு ரத்தப் பரிசோதனை. சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்கும் இந்த அளவு டுஷேனில் பல ஆயிரங்களுக்குப் போய்விடும். அதன் பிறகு மரபணுப் பரிசோதனையில் உறுதி செய்வார்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும், உஷாராக இருங்கள். வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோது பிள்ளைக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் இரண்டு அளவுகள்) கூடியிருக்கிறது என்பார்கள். மஞ்சள் காமாலை என்று நினைத்து, பத்தியமும் கீழாநெல்லியுமாக மாதங்கள் ஓடிவிடும். இந்த இரண்டும் தசையிலிருந்தும் வரும். காரணம் பிடிபடாமல் இவை தொடர்ந்து கூடியே இருந்தால், “டாக்டர், ஒரு சி.கே. பார்த்துடலாமா?” என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

டுஷேனை முற்றிலும் குணமாக்க முடியாதே, சீக்கிரம் தெரிந்து என்ன பயன்? நிறைய இருக்கிறது. தகுந்த நேரத்தில் தொடங்கும் ஸ்டீராய்டு மருந்து, பிள்ளை சொந்தக் காலில் நடக்கும் காலத்தை நீட்டிக்கும். மூட்டு இறுகாமல் இருக்க இயன்முறைப் பயிற்சி, இதயத்துக்கும் மூச்சுக்கும் முன்கூட்டியே கவனிப்பு, எல்லாம் ஆயுளைக் கூட்டுகின்றன. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுகிற அம்மாவுக்கும் அக்கா தங்கைகளுக்கும் இந்தத் தகவல் அவசியம். பெரும்பாலும் இந்தப் பிழை தாய்வழியில் வருகிறது. அதற்காக அம்மாவைக் குற்றம் சொல்வது கொடுமை. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு அது புதிதாகவே தோன்றியிருக்கும்.

தசை புடைத்துத் தெரிய வேறு காரணங்களும் உண்டு. தைராய்டு சுரப்பு குறைவாக இருக்கும் சில குழந்தைகளுக்குத் தசை தடிக்கும், கூடவே வளர்ச்சி மந்தமாகும். மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும். மயோட்டோனியா (சுருங்கிய தசை உடனே தளராத நிலை) உள்ள பிள்ளைக்கு உடம்பு கட்டுமஸ்தாக இருக்கும், ஆனால் இறுகப் பிடித்த பந்தைச் சட்டென்று விட முடியாது. ஐந்தாறு வயதிலேயே தசையோடு முகப்பருவோ, அந்தரங்க முடியோ, குரல் தடிப்போ வந்தால் ஆண்மைச் சுரப்பு கூடியிருக்கலாம். அப்பா பூசும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பிள்ளையின் தோலில் பட்டே இப்படி ஆனதும் உண்டு. கொழுப்பு அறவே இல்லாமல் நரம்பும் தசையுமாகத் தெரிந்தால் அதுவும் தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

பரம்பரை நோய் என்றதும், நம் பிள்ளைக்கும் வருமோ என்று சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு ஒரு கேள்வி இருக்கும். இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும் நிலைகளில், அப்பா அம்மா இருவரும் ஒரே பிழையை ஒவ்வொரு பிரதி வைத்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டும்போது இருவரிடமும் ஒரே பிழை இருக்கும் சாத்தியம் கூடுகிறது. வீட்டில் ஏற்கெனவே பரம்பரை நோய் இருந்தால், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளின் மரபியல் பிரிவில் ஆலோசனை கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

ஜிம்முக்குப் போகும் அண்ணன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. “மயோஸ்டாட்டினைக் கட்டுப்படுத்தும்” என்று டப்பாவில் அச்சிட்ட பவுடருக்குக் காசைக் கொட்டாதீர்கள். அப்படி விற்ற ஒரு கடற்பாசிச் சத்தை 2004-இல் சோதித்தபோது, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பலமோ தசையோ கூடவில்லை. உண்மையிலேயே வேலை செய்கிற மயோஸ்டாட்டின் தடுப்பான்கள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. போட்டியாளராக இருந்தால் உங்கள் பிழைப்பே போய்விடும்.

அந்த பிரேக்கைத் தளர்த்தி, தசை நலிந்த பிள்ளைகளுக்கு உதவ முடியாதா? மருத்துவர்களுக்கும் அது தோன்றியது. வழி சுலபமாக இல்லை. ஃபைசர் நிறுவனம் டுஷேன் சிறுவர்களிடம் சோதித்த மருந்து பலன் தராததால் 2018-இல் நிறுத்தப்பட்டது. சிதைந்துகொண்டிருக்கும் தசையில் பிரேக்கை எடுத்து என்ன ஆகும்? ஆனால் எஸ்.எம்.ஏ. (முதுகுத்தண்டு நரம்புகள் பழுதாகித் தசை நலியும் நோய்) உள்ளவர்களுக்கு, நரம்புக்கான மருந்தோடு சேர்த்து அபிடெக்ரோமாப் என்ற மருந்தைக் கொடுத்தபோது அசைவுத் திறன் மேம்பட்டதாக 2024-இல் இறுதிக் கட்டச் சோதனை காட்டியது. இதைப் படிக்கும்போது பெற்றோர் மனசு எப்படித் துடிக்கும் என்று தெரியும். உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதை, பார்த்துவரும் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். இணையத்தில் யாரோ விற்கும் ஊசியை நம்பாதீர்கள்.

கடைசியாக, டாக்டரிடம் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைக்கு அரைக்கால் சட்டை போட்டு, செருப்பில்லாமல், தரையிலிருந்து எழுந்து நிற்பதையும் நாலு படி ஏறுவதையும் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். தலை முதல் பாதம்வரை தெரியட்டும். பக்கவாட்டிலிருந்து எடுங்கள், கைகொடுத்துத் தூக்காதீர்கள். டாக்டர் அறையில் பிள்ளை அம்மா இடுப்பைவிட்டு இறங்க மாட்டேன் என்று அழுதாலும், அந்த அரை நிமிஷம் உங்கள் கையில் இருக்கும்.