தங்கலுக்குக் கிளம்பும் முன்: கேரை பிடிக்கப் போகிறவர்கள் கரையில் விட்டுச் செல்ல வேண்டிய காகிதங்கள்

தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் பயணத்துக்கு, என்னென்ன ஏற்ற வேண்டும் என்று குமரி மேற்குக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வார்கள். டீசல், ஐஸ், குடிதண்ணீர், முப்பது நாற்பது நாளைக்கான அரிசி, மளிகை, இரைக்குக் கணவாய், மாற்றுத் தூண்டில் முள், தங்கூஸ். படகில் யார் யார் ஏறினார்கள் என்று கேட்டால்தான் பதில் தடுமாறும். பாதிப் பேரை முதலாளிக்குத் தெரியும், மீதிப் பேரைப் படகு ஓட்டும் ஸ்ராங்குக்குத் தெரியும். கடைசி நேரத்தில் ஒருவர் காய்ச்சல் என்று நின்றுகொள்ள, அவருக்குப் பதில் அவருடைய மச்சினன் ஏறிப்போனது வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை ஆகிய எட்டு ஊர்க்காரர்கள் ஆழ்கடல் தொழிலில் பெயர் பெற்றவர்கள். சுறாவையும் சூரையையும் துரத்திக்கொண்டு லட்சத்தீவைத் தாண்டிப் போவார்கள். குறிப்பாகக் கேரை என்கிற மஞ்சள் துடுப்புச் சூரை ஓரிடத்தில் நிற்கிற மீன் அல்ல. அதன் பின்னால் போகிற படகும் நிற்காது. தேங்காப்பட்டணத்தில் கிளம்பிய படகு கொச்சியில் மீன் இறக்கும், அங்கேயே டீசல் அடித்துக்கொண்டு திரும்பவும் போகும். ஊரில் இருப்பவர்களுக்குப் படகு எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதே பல நாள் தெரியாது.

2017 நவம்பர் 30 அன்று இதற்குக் கொடுத்த விலை பெரியது. 29ஆம் தேதி இலங்கைக்கருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. கரையில் இருந்தவர்களுக்கே எச்சரிக்கை தாமதமாகத்தான் வந்தது. வாரக்கணக்கில் நடுக்கடலில் கிடந்த தங்கல் படகுகளுக்கு அது போய்ச் சேர வழியே இல்லை. வி.எச்.எஃப். வயர்லெஸ் சில பத்து கடல் மைல் தூரம் பேசும். அதற்கு அப்பால் இருப்பவனுக்குக் கரை ஊமை.

புயல் ஓய்ந்த பிறகு எத்தனை பேரைக் காணவில்லை என்ற எளிய கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அரசு ஒரு எண்ணைச் சொன்னது, மீனவர் அமைப்புகள் வேறொன்றைச் சொன்னன. எண் நாளுக்கு நாள் மாறியது. கடைசியில் பங்கு ஆலயங்களில் உட்கார்ந்து, வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியல்களே பெரும்பாலும் கைகொடுத்தன. ஒரே ஊரில் அந்தோணி, யேசுதாசன், சகாயம் என்று ஒரே பெயர் பலருக்கு இருக்கும். தகப்பன் பெயரோ வீட்டுப் பெயரோ இல்லாமல் எழுதினால் இறந்தது எந்த அந்தோணி என்று சொல்ல முடியாது. ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து தொழில் செய்கிறவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்காகக் கேட்க அந்தக் கரையில் ஆளே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஒருவரை ஏழு ஆண்டுகள் காணவில்லை, அவரைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவர்களுக்கும் தகவல் இல்லை என்றால்தான் அவர் இறந்ததாக நீதிமன்றம் கருதும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இது. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 111ஆம் பிரிவு. ஒக்கியில் காணாமல் போனவர்களை ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்லாமல் இறந்தவர்களாகவே கருதி, தமிழக அரசு குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. அது நாடே பார்த்துக்கொண்டிருந்த பேரிடர், மக்கள் தெருவில் உட்கார்ந்து வாங்கிய தீர்வு. ஒற்றைப் படகு ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போனால் அப்படி ஓர் அரசாணை தானாக வந்துவிடாது. வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், விதவை உதவித்தொகை எல்லாவற்றிலும் அந்த ஏழு ஆண்டு குறுக்கே நிற்கும். அதனால் ஆள் வரவேண்டிய நாள் தாண்டியதுமே கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையில் வாங்கிவிட வேண்டும். ஏழு ஆண்டுக் கணக்கை நிரூபிக்கும்போதும் முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.

ஆகவே, பயணத் திட்டம் என்பது ஒரு பெயர்ப்பட்டியலில் தொடங்க வேண்டும். ஆளின் முழுப்பெயர், தகப்பன் பெயர், ஊர், ஆதார் எண், வீட்டில் எடுக்கக்கூடிய செல்போன் எண், படகின் பதிவு எண், கிளம்பும் துறைமுகம், போக நினைக்கும் திசை, திரும்பும் உத்தேச நாள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். மூன்று நகல் வேண்டும்: முதலாளி வீட்டில் ஒன்று, மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒன்று, பங்கு ஆலயத்திலோ மீனவர் சங்கத்திலோ ஒன்று. கொச்சியில் ஆள் மாறினால் அன்றைக்கே போனில் சொல்லித் திருத்த வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பையனை ஏற்றிக்கொண்டு அவன் பெயரை மட்டும் பட்டியலில் மறைக்கிற பழக்கத்தை நான் எந்த நியாயத்தாலும் ஏற்க மாட்டேன். ஏற்றவே கூடாது. மறைத்தால், ஆபத்து வரும்போது அவன் அந்தப் படகில் இருந்தான் என்பதற்கே சாட்சி இல்லாமல் போகும்.

அடுத்தது எல்லை. நம் கடல் (பொருளாதார மண்டலம்) 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது எதிரே வேறு நாடு இல்லாத திசையில் மட்டும்தான் சரி. மினிக்காய் தீவுக்கும் மாலத்தீவின் வடகோடிக்கும் இடையே மொத்தமே சுமார் 70 கடல் மைல். அங்கே எல்லைக்கோடு நடுவாக ஓடுகிறது. 1976இல் போட்ட ஒப்பந்தம் அது. மினிக்காயிலிருந்து தெற்கே நூறு மைல் போனாலும் இந்தியக் கடலில்தான் இருக்கிறோம் என்று நினைப்பவர், நினைப்பதற்குள் மாலத்தீவுக் காவல் படகைப் பார்ப்பார். 2023 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டம் தருவைகுளத்துப் படகு ஒன்றை 12 பேரோடு மாலத்தீவு பிடித்தது. அபராதம் நம் பணத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல். எந்தப் படகு முதலாளியால் அதைக் கட்ட முடியும்?

இன்னும் தெற்கே சாகோஸ் தீவுகள். டீகோ கார்சியா கன்னியாகுமரியிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் தூத்தூர்ப் பகுதிப் படகுகள் அங்கும் பிடிபட்டிருக்கின்றன. அந்தத் தீவுகளைச் சுற்றிய கடலை 2010இல் பிரிட்டன் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்தது. வணிக மீன்பிடிப்புக்கு அங்கே இடமில்லை. அடுத்த நாட்டின் பொருளாதார மண்டலம் வழியாகப் போவது குற்றமல்ல, மீன் பிடிப்பதுதான் குற்றம். ஆனால் தூண்டிலும் வலையும் தயாராகக் கிடக்க, ஐஸ் அறை நிறைய மீன் இருக்க, வெறுமனே கடந்துதான் போகிறோம் என்று யாரை நம்ப வைப்பது? கடக்கிற நேரத்தில் ஆயிரங்கால் தூண்டிலைச் சுருட்டி உள்ளே வைத்துக் கட்டிவிட வேண்டும். ஜி.பி.எஸ். கருவியில் பதிவான பாதையை அழிக்கவே கூடாது. பயத்தில் அழித்துவிடுகிறவர்கள் உண்டு. நாம் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தோம் என்பதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல சாட்சி அதுவே.

பிடிபட்டால் என்ன உரிமை? ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவை ஒவ்வொரு ஸ்ராங்கும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்தியா 1995இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை இது. பொருளாதார மண்டலத்தில் மீன்பிடித்ததற்காகப் பிடித்த படகையும் ஆட்களையும், நியாயமான பிணைத்தொகை கட்டியதும் தாமதமின்றி விட வேண்டும். இரு நாடுகளும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, அந்தக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை விதிக்கக் கூடாது. படகு எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள், அதாவது அந்த நாட்டின் ஆட்சிக்கடலுக்குள் பிடிபட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையும் உண்டு: கைதானவர் கேட்டால் இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லியாக வேண்டும், அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று பிடித்தவர்களே உங்களுக்குச் சொல்ல வேண்டும். புரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்துப் போடாமல் முதலில் தூதரகத்தைக் கேளுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவருக்கு ஊர் திரும்பத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். அதற்கு நீங்கள் இந்தியர் என்று நிறுவ வேண்டும். ஆதார் நகல் வீட்டில் இருந்தால் அந்த வேலை எளிதாகும்.

நம் ஊர்ச் சட்டமும் மாறியிருக்கிறது. பொருளாதார மண்டல மீன்வள விதிகளை மத்திய அரசு 2025 நவம்பர் 4 அன்று அறிவித்தது. இயந்திரப் படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் 12 கடல் மைலுக்கு அப்பால் தொழில் செய்ய அணுகல் அனுமதிச் சீட்டு பெற வேண்டும். கட்டணம் இல்லை, ரியல்கிராஃப்ட் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். எல்.இ.டி. விளக்கு வைத்துப் பிடிப்பதும் இரட்டைமடி இழுப்பதும் தடை. 200 மைலுக்கு வெளியே சர்வதேசக் கடலுக்குப் போவதற்குத் தனி அனுமதிக் கடிதம் தேவை. அனுமதி இல்லாமல் போய்ச் சிக்கினால் 73ஆம் பிரிவைப் பேசுகிற வாய் பாதி அடைபட்டுவிடும். குமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. திமிங்கலச் சுறா, ஆமை, ஓங்கில் ஆகியவை தூண்டிலில் தானாக மாட்டினாலும் விட்டுவிட வேண்டும். சுறாத் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிவதற்கு 2013இலேயே தடை வந்துவிட்டது.

கடலில் இன்னொரு ஆபத்து கப்பல். குமரிக்குத் தெற்கே கிழக்கு மேற்காக ஓடுகிற கப்பல் பாதை உலகிலேயே நெரிசலான பாதைகளில் ஒன்று. 2018 ஆகஸ்ட் 7 அதிகாலை, முனம்பத்திலிருந்து போன ஓசியானிக் என்ற படகின் மீது கப்பல் மோதியது. இறந்தவர்களிலும் காணாமல் போனவர்களிலும் பெரும்பாலோர் நம் மாவட்டத்து இராமன்துறைக்காரர்கள். இரவு முழுக்கத் தூண்டில் இழுத்துவிட்டு விடிகாலையில் எல்லோரும் ஒன்றாகத் தூங்குகிற வழக்கம் இந்த விபத்துகளுக்கு வழிவிடுகிறது. ஒருவர் விழித்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளில் தானியங்கி அடையாளக் கருவி கட்டாயம். கப்பலின் திரையில் உங்களைக் காட்டுவது அதுதான். சீன வலை மிதவைக் கருவிகளை நம்பி இதை அணைத்து வைக்காதீர்கள்.

மோதிவிட்டு ஓடிய கப்பலைப் பிடிக்க வழி உண்டு. 2017ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குச் சட்டப்படி, உயிரிழப்புக்கும் படகுச் சேதத்துக்கும் இழப்பீடு கேட்டு சென்னை அல்லது கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, கப்பலையே கைது செய்ய உத்தரவு வாங்கலாம். இந்தியத் துறைமுகத்தை விட்டுக் கப்பல் போய்விட்டால் கஷ்டம், ஆகவே இது நாள்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. கப்பலின் பெயர், நிறம், நேரம், ஜி.பி.எஸ். இடம் நான்கையும் அங்கேயே செல்போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நீதி எவ்வளவு மெதுவாக வரும் என்பதற்கு செயின்ட் ஆண்டனி படகே போதும். 2012 பிப்ரவரி 15 அன்று இத்தாலியக் கப்பல் என்ரிகா லெக்ஸியிலிருந்து சுட்டதில் அந்தப் படகில் இருந்த இரையுமன்துறைக்காரர் ஒருவரும் கொல்லத்துக்காரர் ஒருவரும் இறந்தார்கள். 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்சநீதிமன்றம் வழக்கை முடித்தது 2021 ஜூன் 15 அன்று. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. அதே படகில் குண்டுக்குத் தப்பிய மற்றத் தொழிலாளிகள், தங்களுக்கும் பங்குண்டு என்று தனியே நீதிமன்றம் ஏறிக் கேட்க வேண்டியிருந்தது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவியில் 2024இல் வந்த இரண்டாம் தலைமுறை, உங்கள் அழைப்பு கரைக்குக் கிடைத்துவிட்டது என்று பதிலும் அனுப்புகிறது. படகின் பெயரில் பதிவு செய்யாத கருவியால் பயனில்லை. அழுத்தத் தெரிந்தவர் ஸ்ராங்கு மட்டுமாக இருக்கக் கூடாது. மத்திய அரசின் திட்டத்தில் இலவசமாகப் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர், செல்போன் எட்டாத இடத்திலும் வானிலை எச்சரிக்கையைக் கொண்டுவரும், எல்லையை நெருங்கினாலும் சொல்லும். பிடிக்கிற இடம் அதிகாரிக்குத் தெரிந்துவிடும் என்று சிலர் அதைக் கழற்றி வைக்கிறார்கள். ஒக்கியில் அண்ணன் தம்பியைப் பறிகொடுத்த கரையில் இது எப்படி முடிகிறது என்று எனக்குப் புரிவதில்லை. சாட்டிலைட் போன் வாங்கினால் அரசு அனுமதித்ததை மட்டும் வாங்குங்கள். வளைகுடாவிலிருந்து வருகிறவர் கொண்டுவரும் துரையா போனை அனுமதியின்றி வைத்திருந்தாலே வழக்கு.

காப்பீடு: பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் 18 முதல் 70 வயது வரையுள்ள மீனவர் சேரலாம். இறந்தாலோ முழு ஊனம் அடைந்தாலோ 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். பிரீமியத்தை அரசுகளே கட்டுகின்றன. ஆனால் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். மீனவர் நல வாரிய அட்டையைப் புதுப்பித்து, வாரிசு பெயரை எழுதி வையுங்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்களின் அட்டையில் இன்னும் அம்மா பெயரே இருக்கும்.

இப்போது வெளியூர் இளைஞர் சிலர் பெரிய சூரையைத் தூண்டிலில் பிடிக்கும் ஆசையில், பணம் கொடுத்துத் தங்கல் படகில் ஏறலாமா என்று விசாரிக்கிறார்கள். வேண்டாம். மீன்பிடிப் படகின் பதிவு மீன்பிடிக்கத்தான், காசு வாங்கி ஆள் ஏற்ற அல்ல. அவர்கள் மீனவர் காப்பீட்டில் வரமாட்டார்கள். ஒருவர் கடலில் விழுந்தால் வழக்கு முதலாளி மேலும் ஸ்ராங்கு மேலும் பாயும்.

பணம் இல்லாமல் எப்படி வழக்குப் போடுவது என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும், பெரும் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், அல்லது 15100க்கு அழைக்கலாம். கடலோரக் காவல்படை 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. அடுத்த தங்கலுக்கு உங்கள் வீட்டு ஆள் கிளம்பும் நாளில், படகின் பெயர்ப்பட்டியலைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வாங்கிக்கொண்ட பிறகு வழியனுப்புங்கள்.