பழைய மாருதி 800 வாங்குகிறீர்களா? முதலில் ஆயில் மூடியைத் திறங்கள்

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆனாலும் முதல் கார் வாங்க ஆசைப்படும் குடும்பங்கள் செகண்ட் ஹேண்டில் இன்றும் அதைத் தேடுகின்றன. 796 சிசி, மூன்று சிலிண்டர், பெரும்பாலான மாடல்களில் 37 குதிரைத்திறன். நல்ல எஞ்சின்தான். அதற்கு எமன், சூடு.

ரேடியேட்டர் ஃபேன் சுற்றாமலோ ஹோஸ் கசிந்தோ தண்ணீர் வற்றி, அது தெரியாமல் ஓட்டியிருந்தால் அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கெட் போய்விடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் நுரை அப்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ரேடியேட்டர் மூடியையும் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். சூடான எஞ்சினில் மட்டும் அந்த மூடியைத் தொடவே வேண்டாம், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அலட்சியம் வேண்டாம். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

என் வண்டிக்கு ஹெட் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் நான் பில் கேட்கவில்லை. இரண்டே மாதத்தில் மறுபடி கொதித்தது. அந்த வேலையே தாங்கள் பார்க்கவில்லை என்று சாதித்துவிட்டார்கள். என்னிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. நீங்கள் பில்லையும் கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். அரைகுறை வேலையும் சேவைக் குறைபாடுதான். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை: படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றும்வரை விடாதீர்கள். வண்டி கைமாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

வாங்குபவர் ஆர்.சி.யில் தேதியையும் பாருங்கள். 15 ஆண்டு முடிந்திருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்தே பேசுங்கள்.